வகீலும் வலீயும்

‘வக்கீல்’ எனத் தமிழில் வழங்கும் சொல், ‘வகீல்’ என்னும் அரபிச் சொல்லின் வழிவந்ததாகும். தம் காரியத்தை ஒருவர் எவரிடம் ஒப்படைக்கிறாரோ அவரே வகீல். ‘வலீ’ என்னும் காப்பாளரோ பிறருக்காகத் தாமே முடிவெடுப்பவர்.

மதியிறுக்கம் எனப்படும் ஆட்டிசம் உடையோர் பெரியவர்களானபின் அவர்களுக்கு வேண்டியவர் இவ்விருவருள் எவர்? இங்கிலாந்தின் சட்டங்களை இங்கு நோக்குவோம். 2009-ஆம் ஆண்டின் ஆட்டிசச் சட்டம், வயதுவந்தோருக்கெனத் தனித் திட்டம் வகுக்குமாறு அரசைப் பணித்தது. 2014-ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் வகீலுக்கே வழிகோலிற்று. தகவலைப் புரிந்துகொள்ளல், நினைவில் இருத்தல், சீர்தூக்கல், கருத்தைத் தெரிவித்தல் ஆகிய நான்கில் ஒன்றிலேனும் பெரிதும் இடர்ப்படுவோரின் தேவைகளை உள்ளாட்சி மன்றம் மதிப்பிடுகையில், அவர் சார்பில் பேசத் தகுந்தவர் எவருமில்லையெனில், சார்பற்ற ஒருவரை மன்றமே அமர்த்தித் தருதல் வேண்டும். ஊதியத்திற்குப் பராமரிப்பவர் ‘தகுந்தவர்’ ஆகார். இசைவளிக்கும் ஆற்றலுடைய மகன் இசையாவிடில், பெற்ற தாயும் ஆகார். அவ்வாற்றல் இல்லாதவிடத்து மட்டுமே அவருடைய நலன் கருதிப் பிறர் முடிவு செய்வர்.

வழித்துணைவரின் பணி வேறு. நேர்முகத் தேர்வுக்கு ஆயத்தமாதல், வரவுசெலவைத் திட்டமிடல் போன்றவற்றில் உடனிருந்து, அவரே செய்யும்படி பழக்குவது அது.

வாய்பேசாதவர் எழுதிக் காட்டலாம், படத்தைச் சுட்டலாம். அதற்குக் காத்திருக்கும் பொறுமையே வகீலின் முதல் தகுதி. அன்பு மிகும்போது அப்பொறுமையை நாம் இழக்கிறோம். வகீலாக அமரவேண்டிய இடத்தில் வலீயாக அமர்ந்துவிடுகிறோம்.