மின்மினியின் குளிர்ந்த ஒளி

மழைக்காலத்து இரவுகளில் செட்டிநாட்டுக் கண்மாய்க் கரைகளிலும் வயல் வரப்புகளிலும் மின்மினிகள் ஒளிர்வதைக் குடியானவர் அறிவர். அவ்வொளி உண்டாகும் விதமும், அப்பூச்சியால் வேளாண்மைக்கு விளையும் நன்மையும் அறியத்தக்கவை.

ஒரு பொருள் பிராணவாயுவுடன் சேர்வதை ஆக்ஸிகரணம் என்பர். விறகில் இது விரைந்து நிகழ்வதால் உஷ்ணமும் வெளிச்சமும் ஒருங்கே தோன்றுகின்றன. மண்வெட்டி துருப்பிடிப்பதும் ஆக்ஸிகரணமே. மெதுவாக நிகழ்வதால் அதன் உஷ்ணம் நமக்குப் புலப்படுவதில்லை. இத்தகைய உலோக அரிமானத்தை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-ஆம் ஆண்டு காரைக்குடியிலேயே திறக்கப்பெற்றது. மின்மினியினிடத்து நிகழ்வதோ மூன்றாவது வகை: அதில் ஒளி உண்டு, சுடும் உஷ்ணம் இல்லை.

1880-களில் ரஃபேல் துய்புவா என்னும் பிரெஞ்சு அறிஞர் ஒளிரும் வண்டுகளின் ஒளியுறுப்பை இரு பங்காக்கினார். ஒரு பங்கைக் குளிர்ந்த நீரில் அரைத்து, ஒளி தானே அணையுமளவும் வைத்தார். மற்றதை வெந்நீரிலிட, அதுவும் ஒளியிழந்தது. இரண்டையும் கலந்தவுடன் ஒளி மீண்டது. வெந்நீருக்கு அழியாத எரிபொருளுக்கு லூஸிபெரின் என்றும், வெந்நீரில் அழியும் நொதிக்கு லூஸிபெரேஸ் என்றும் பெயர் வழங்கலாயின. மின்மினியின் ஒளிக்கு ஏ.டி.பி. என்னும் சக்திப் பொருளும் வேண்டுமென்பதை 1947-இல் அமெரிக்க அறிஞர் வில்லியம் மெக்கல்ராய் கண்டறிந்தார்.

ஏ.டி.பி.யின் உதவியால் ஆயத்தமான லூஸிபெரின், நொதியின் துணையால் பிராணவாயுவை ஏற்கிறது. கரியமில வாயு பிரிகிறது. அப்போது பிறக்கும் புதுப்பொருள் மிகுந்த சக்தியுடன் நின்று, அச்சக்தியை உஷ்ணமாக விடாது மஞ்சள் கலந்த பச்சை ஒளியாக விடுகிறது. ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று அறிந்து கூடுவதற்கு இவ்வொளியே அடையாளம்.

இனி, பயனைக் கூறுவோம். பலவகை மின்மினிகளின் புழுக்கள் ஈரமண்ணில் வாழ்ந்து, இளம்பயிரைத் தின்னும் நத்தைகளையும் ஓடில்லா நத்தைகளையும் இரையாகக் கொள்கின்றன. கூலியின்றி உழைக்கும் இக்காவலரைக் காத்தல் நமது கடமை. ஆகையால், வரப்பின் ஓரத்தில் சிறிது புல்லை விட்டு வைக்கவும். அங்குப் பூச்சிமருந்து தெளிப்பதையும், சருகுகளுக்குத் தீயிடுவதையும் தவிர்க்கவும். கிணற்றடி மின்விளக்கை வேலை முடிந்தவுடன் அணைத்துவிடவும்; வெளிச்சம் மிகுந்த இடத்தில் மின்மினிகள் தம் துணையின் அடையாளத்தைக் காணாது இனம் குன்றும். இவற்றிற்குச் செலவேதுமில்லை, பயனோ பயிருக்கு.