சென்சார் சொல்வதும் சரீரம் சொல்வதும்

சென்ற மார்கழியில் ஓர் இரவு, இரண்டு மணி சுமாருக்கு, என் தமக்கையாரின் கைப்பேசி அலறி எல்லோரையும் எழுப்பிற்று. திரையில் சர்க்கரை அளவு 54. இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கு அது அபாய எண்ணாதலால், அத்தான் சர்க்கரைத் தண்ணீரைக் கரைத்து வாயருகே கொண்டுபோய்விட்டார். ஆனால் அக்காவுக்கு வியர்வையுமில்லை, நடுக்கமுமில்லை. விரலைக் குத்திக் குளுக்கோமீட்டரில் பார்த்தால் 118. சர்க்கரையை இடைவிடாது அளந்து கைப்பேசிக்கு அனுப்பும் சென்சார் ஒட்டியிருந்த இடக்கையை அழுத்தியபடி ஒருக்களித்து அவர் உறங்கியதே காரணம்.

சென்சாரிலிருந்து தோலின்கீழ் நிற்கும் மெல்லிய இழை இரத்தத்தை அளப்பதில்லை என்பதை அதனை வாங்குவோரில் பலர் அறியார். அணுக்களின் இடையே ஊறும் நீரிலுள்ள சர்க்கரையையே அது அளக்கிறது. இரத்தத்தில் நேரும் ஏற்ற இறக்கம் அந்நீரை எட்ட 5 முதல் 15 நிமிஷங்கள் வரை ஆகக்கூடுமாதலால், உணவு உண்டு எழுந்த வேளையிலும் வேகமாக நடக்கும் வேளையிலும் அது சற்றுப் பழைய செய்தியையே சொல்லிக்கொண்டிருக்கும். ஒட்டிய முதல் நாள் கணக்கு தடுமாறுவதுண்டு. சிலவகைச் சென்சார்களில் வைட்டமின் சி மாத்திரையும் எண்ணைப் பொய்யாக உயர்த்தும்.

இவை உபகரணத்தின் சுபாவம். தயாரிப்பிலேயே நேரும் பிழையோ இதனினும் கொடிது. 2025 நவம்பரில் அபாட் நிறுவனம், அமெரிக்காவில் தன் ஃப்ரீஸ்டைல் லிப்ரே 3 வகைச் சென்சார்களில் சுமார் 30 லட்சம் உண்மைக்குக் குறைவான எண்ணைக் காட்டக்கூடுமென்று அறிவித்ததோடு, உலகளவில் 7 மரணங்களும் 736 கடுமையான பாதிப்புகளும் இதனோடு தொடர்புடையனவாக இருக்கலாமென்றும் தெரிவித்தது. இல்லாத இறக்கத்தை நம்பி இன்சுலினைத் தவிர்ப்பவரின் இரத்தத்தில் சர்க்கரை ஏறிக்கொண்டே போகும் என்பதை எண்ணினால் நெஞ்சு பதைக்கிறது. எண்ணும் உடம்பும் மாறுபடும்போதெல்லாம், மருந்தைக் கூட்டுமுன் அல்லது குறைக்குமுன், விரலைக் குத்திப் பார்ப்பதே உத்தமம். இறக்கத்தின் அறிகுறி உடம்பில் தெரிந்தால் மட்டும், எண் எதுவாயினும், தாமதியாமல் இனிப்பு உண்ண வேண்டும்.

பிழைபட்ட சென்சாரைக் குப்பையில் எறிந்துவிடுகிறோமே, அதுதான் என் ஆதங்கம். அதனையும், தொகுதி எண் அச்சிட்ட பெட்டியையும், ரசீதையும், இரு எண்களையும் அருகருகே காட்டும் படத்தையும் பத்திரப்படுத்தி, முதலில் தயாரிப்பாளரிடம் மாற்றுச் சென்சார் கேளுங்கள். மருத்துவ உபகரணங்களால் நேரும் கேடுகளைப் பதிவுசெய்ய இந்தியாவில் 2015 முதல் நடந்துவரும் தேசியத் திட்டத்துக்கு நோயாளியே 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். நஷ்டஈடு வேண்டுமாயின் நுகர்வோர் உதவி எண் 1915 வழிகாட்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, 2 வருஷத்துக்குள், வழக்குரைஞரின்றியும் மனுச் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாயின் கட்டணமும் கிடையாது.