களைக்கொல்லியும் நம் உயிரணுவும்

பேராக்கின் சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா வட்டாரத் தோட்டங்களில் முதுகுப் பம்பைச் சுமந்து மருந்தடித்த பெண்களில் பலர் இப்போது புந்தோங்கிலும் ஈப்போவின் மற்ற குடியிருப்புகளிலும் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோதும் மருந்தடி வேலை மட்டும் நின்றதில்லை. "புல்லைத்தான் கொல்லும், ஆளை ஒன்னும் செய்யாது" என்று அந்தக் காலத்தில் சொல்லிவந்த சமாதானம் உண்மையா என்பதை உயிரணுவின் அமைப்பை வைத்தே சோதித்துப் பார்த்துவிடலாம்.

உயிரணுக்களில் பெரும் பிரிவு இரண்டு. பாக்டீரியா போன்றவை புரோகேரியோட்டுகள். அவற்றில் உட்கரு கிடையாது, மரபுப்பொருள் உயிரணுவுக்குள் திறந்தபடி கிடக்கும். பெரும்பாலான பாக்டீரியாக்களைச் சுற்றிப் பெப்டிடோகிளைக்கன் என்ற பொருளால் ஆன சுவர் இருக்கும். அடுத்தது யூகேரியோட்டுகள். இவற்றில் மரபுப்பொருள் சவ்வுக்குள் அடங்கிய உட்கருவில் இருக்கும், ஆற்றலைத் தர மைட்டோகாண்டிரியா தனியே உண்டு. மனிதர், காளான், ரப்பர் மரம், லாலான் புல் எல்லாம் இந்த இரண்டாம் பிரிவுதான். அதாவது, உயிரணு அளவில் பார்த்தால் லாலான் புல் பாக்டீரியாவைவிட நமக்கே நெருங்கிய சொந்தம். களைக்கொல்லி விஷயத்தில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகள் இந்த வேறுபாட்டை நம்பித்தான் வேலை செய்கின்றன. பெனிசிலின் பாக்டீரியாவின் சுவர் கட்டப்படுவதைத் தடுக்கிறது. நம் உயிரணுவுக்கு அந்தச் சுவரே இல்லாததால், ஒவ்வாமை உள்ளவர்களைத் தவிர மற்றவர்கள் அதைத் தாங்கிக்கொள்கிறார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் பாக்டீரியாவின் ரைபோசோமைத் தாக்குகிறது. பாக்டீரியாவில் இருப்பது 70எஸ் வகை, நம் உயிரணுவில் பெரும்பாலும் இருப்பது 80எஸ் வகை. ஆனால் நம் மைட்டோகாண்டிரியா பழங்காலப் பாக்டீரியாவின் வழிவந்தது, அதன் ரைபோசோம் பாக்டீரியாவுடையதைப் போன்றது. இந்த வகை மருந்துகள் சிலருடைய காதைக் கெடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இத்தனை வேறுபாடு இருந்தும் மருந்து நம்மைத் தொட்டுவிடுகிறது என்றால், சொந்தக்காரச் செடியைக் கொல்ல வந்த நஞ்சு நம்மை விட்டுவிடும் என்று எப்படி நம்புவது?

கிளைஃபோசேட்டை எடுத்துக்கொள்வோம். செடியில் சில அமினோ அமிலங்களை உண்டாக்கும் ஷிகிமேட் பாதையை அது அடைக்கிறது. அந்தப் பாதை விலங்குகளில் இல்லை. பாதுகாப்பானது என்ற வாதம் இதிலிருந்துதான் வருகிறது, அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் போத்தலில் இருப்பது கிளைஃபோசேட் மட்டுமல்ல. இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் சோப்பு போன்ற பொருள் உயிரணுச் சவ்வையே கலைக்கக்கூடியது, சவ்வு இல்லாத உயிரணுவோ எங்கும் கிடையாது. 2015இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு கிளைஃபோசேட்டை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது' என்ற பிரிவில் சேர்த்தது. அதை மறுக்கும் கட்டுப்பாட்டு அமைப்புகளும் உண்டு. தர்க்கம் முடியும்வரை கையுறையைக் கழற்றாமல் இருப்பதுதான் நமக்கு நல்லது.

பாராகுவாட்டில் அந்தப் பாதி உண்மையும் இல்லை. கிரமக்சோன் என்ற பெயரில் தோட்டங்களில் எல்லாருக்கும் தெரிந்தது இது. செடியின் பசுங்கணிகத்தில் ஓடும் எலக்ட்ரானைப் பிடுங்கி ஆக்சிஜனிடம் கொடுத்து, அதைச் சவ்வுகளை அரிக்கும் நச்சு வடிவமாக மாற்றுகிறது. எலக்ட்ரான் ஓட்டம் பாக்டீரியாவிலும் உண்டு, நம் உயிரணுவிலும் உண்டு. போதாக்குறைக்கு நுரையீரல் உயிரணுக்கள் தங்களுக்கு வேண்டிய வேறொரு பொருள் என்று எண்ணி இதை உள்ளே இழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. முறிவு மருந்து கிடையாது. மூச்சுத் திணறுகிறதே என்று தாராளமாக ஆக்சிஜன் கொடுத்தால் சேதம் கூடும். அதனால் எந்த மருந்து பட்டது என்பதை மருத்துவரிடம் பெயரோடு சொல்வது உயிர் காக்கும் செய்தி.

பெண் தொழிலாளர் உரிமை அமைப்பான தெனாகானித்தாவும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பான பான் ஆசிய பசிபிக்கும் 2002இல் வெளியிட்ட அறிக்கை, மருந்தடிக்கும் பெண்களிடம் மூக்கில் இரத்தம் வடிதல், கண்ணீர் வழிதல், தோல் புண், நகம் நிறம் மாறி விழுதல் ஆகியவற்றைப் பதிவு செய்தது. அதே ஆண்டு அரசாங்கம் பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006இல் அந்தத் தடையைத் தளர்த்தியது. முழுத் தடை நடப்புக்கு வந்தது 2020 ஜனவரி 1ஆம் தேதி. இடையில் போன ஆண்டுகளை நினைத்தால் எனக்குக் கோபம் அடங்கவில்லை. அந்த முடிவுகளின் விலையை முதுகில் சுமந்தவர்கள் நாள்சம்பளக்காரர்கள்.

ரப்பர்ப் பால் ஸ்டோரில் வேலை செய்பவர்களும் கவனிக்க வேண்டும். பால் கெட்டியாகாமல் இருக்க அமோனியா ஊற்றுவது, பாலில் பெருகும் பாக்டீரியாவை அடக்குவதற்குத்தான். அந்தக் காரத்துக்குப் பாக்டீரியாவும் கண்ணின் உயிரணுவும் ஒன்றுதான். கண்ணில் பட்டால் ஆழமாக இறங்கும், பார்வையே போகலாம்.

இவற்றில் எது மேலே பட்டுவிட்டாலும் உடனே துணியைக் களைந்து தோலைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள். கண் என்றால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவுங்கள். வாய்க்குள் போயிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போத்தலையோ அதன் லேபிளையோ கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தை 1-800-88-8099 எண்ணில் அழைக்கலாம். பழைய கையிருப்பைச் சோடா போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதைவிட ஆபத்து வேறில்லை.

உரிமை என்று வரும்போது முதலாளிகள் பலர் கொன்ட்ராக்டரைக் காட்டி ஒதுங்குவார்கள். ஆனால் 1994ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும் அதன்கீழ் வந்த 2000ஆம் ஆண்டின் இரசாயன விதிகளும் முதலாளி மீது கடமைகளைச் சுமத்தியுள்ளன. இரசாயனத்தின் ஆபத்தை முன்கூட்டியே மதிப்பிட வேண்டும், பயிற்சி தர வேண்டும், பாதுகாப்புத் தகவல் தாளைத் தொழிலாளி பார்க்கும்படி வைக்க வேண்டும், தேவைப்படும் இடத்தில் மருத்துவக் கண்காணிப்பு நடத்த வேண்டும். திருத்தப்பட்ட சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தெரிந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் சரிசெய்யாவிட்டால், அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையை அது தருகிறது. புகார் செய்ததற்காக வேலையை விட்டு நீக்குவதும் குற்றம். புகாரைத் தொழில் பாதுகாப்பு இலாகாவான ஜேகேகேபியிடம் கொடுக்கலாம். வேலையால் வந்த நஞ்சேற்றத்தையோ நோயையோ அந்த இலாகாவுக்கு அறிவிப்பது மருத்துவரின் கடமை. அவர் அறிவித்தாரா என்று கேளுங்கள், தயங்க வேண்டாம்.

வேலையால் வந்த நோய்க்குச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவில் இழப்பீடு கோரலாம். அதற்குக் கையில் ஆதாரம் வேண்டும். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, என்ன மருந்து, கூட வேலை செய்தவர் யார் என்பதை இப்போதே எழுதி, பழைய சம்பளச் சீட்டோடு சேர்த்து வையுங்கள். பாராகுவாட்டோடு நீண்ட நாள் வேலை செய்தவர்களிடம் பார்க்கின்சன் நோய் கூடுதலாகக் காணப்படுவதைப் பல ஆய்வுகள் சுட்டுகின்றன, ஆனால் ஒருவருக்கு வந்த நோய்க்கு அதுவே காரணம் என்று அதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. எனவே இளைப்போ கைநடுக்கமோ இருந்தால், ஈப்போ ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனைக்கோ பக்கத்துக் கிளினிக்குக்கோ போகும்போது, மருத்துவர் கேட்காவிட்டாலும் "நான் மருந்தடித்தவள்" என்று சொல்லி, அதை நோய்க்குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.