பனிமேல் விழுந்த கற்களை எண்ணியவர்

ஸ்வீடனின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் அப்பால், கெர்க்கவாகே என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. இருபுறமும் செங்குத்துப் பாறைச் சுவர்கள். அவற்றின் அடியில் உதிர்ந்து குவிந்த கற்கள். 1952-இல் தொடங்கி 1960 வரை ஆண்டெர்ஸ் ராப் என்ற புவியியலாளர் இங்கே கல் எண்ணினார். வெள்ளைப் பனியில் புதிதாக விழுந்த கல் பளிச்சென்று தெரியும், அதனால் எண்ணுவது சுலபம். கற்சரிவின் குறுக்கே சாயத்தால் கோடு போட்டுவைத்து, மறுமுறை வரும்போது எந்தக் கல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தார். போகிற போக்கில் ஓடைத் தண்ணீரையும் எடுத்து, அதில் கரைந்திருக்கும் உப்புகளைக் கணக்கிட்டார்.

குளிர்நாட்டில் பாறையை உடைப்பது உறைபனிதான் என்று அதுவரை பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. தண்ணீர் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 விழுக்காடு கூடுகிறது. விரிசலுக்குள் இறங்கிய நீர் உறைந்தால் கல்தச்சன் அடிக்கும் ஆப்பைப் போலப் பாறையைப் பிளந்துவிடும். வேதிச் சிதைவு வெப்ப நாட்டுச் சங்கதி, துருவக் குளிரில் அது தூங்கிவிடும் என்றும் நம்பினார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அளந்து பார்த்தவர்கள்தான் குறைவு.

1960-இல் ராப் வெளியிட்ட கணக்கு இந்த நம்பிக்கையைப் புரட்டிப்போட்டது. பாறைவீழ்ச்சி, பனிச்சரிவு, மண்சரிவு என ஒவ்வொன்றும் எவ்வளவு எடையை எவ்வளவு உயரம் கீழே இறக்கியது என்று பெருக்கிப் பார்த்தார். முதலிடம் பிடித்தது இவற்றில் எதுவுமில்லை, தெளிந்த ஓடைநீர்தான். சதுர கிலோமீட்டருக்கு ஆண்டுதோறும் 26 டன் பாறை, கண்ணுக்குத் தெரியாத உப்பாகக் கரைந்து வெளியேறிக்கொண்டிருந்தது.

குளிரில் எப்படி இந்தக் கரைசல்? அந்தப் பாறையில் பைரைட் என்னும் இரும்பு கந்தகக் கனிமம் இருக்கிறது. காற்றும் நீரும் பட்டால் அது கந்தக அமிலத்தைத் தரும். வேதிவினைக்கு வெப்பம் மட்டும் போதாது, ஈரமும் வேண்டும். ஈரமும் அமிலமும் தாராளமாக இருக்கிற இடத்தில் குளிர் அவ்வளவு பெரிய தடையில்லை. பின்னாளில் தார்ன், டிக்சன், டார்மடி என்ற ஆய்வாளர்களின் குழு இதே பள்ளத்தாக்குக்கு வந்தது. கல்லை வில்லைகளாக அறுத்து, எடைபோட்டு, மண்ணில் வைத்துவிட்டு, எடுத்து மறுபடி எடைபோட்டார்கள். 1994 முதல் 2004 வரை இந்தச் சோதனை நடந்தது. மில்லிகிராம் கணக்குக்குப் பத்தாண்டுப் பொறுமை!

உறைபனி ஆப்பின் கதையையும் ஒருவர் கேள்வி கேட்டார். அன்டார்க்டிகாவில் வேலைசெய்த கெவின் ஹால், காற்றின் வெப்பநிலையை வைத்துப் பாறையின் நிலையை ஊகிக்கக் கூடாது என்று வாதாடினார். காற்று உறைநிலைக்குக் கீழே இருக்கும்போதும் வெயில் படும் கரும்பாறை நன்றாகச் சூடேறியிருக்கலாம். மணிக்கொருமுறை எடுத்த அளவுகளில் தெரியாத ஒன்று, நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தபோது தெரிந்தது. மேகம் மறைத்தாலோ காற்று வீசினாலோ பாறையின் மேல்தோல் ஒரே நிமிடத்தில் 2 டிகிரி, சில சமயம் அதற்கும் மேல், ஏறி இறங்குகிறது. சூடான கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த நீரை ஊற்றினால் விரிசல் விடுமே, அந்த வகை அடி இது. தண்ணீரே இல்லாமல் பாறை வெடிக்க இது போதும். இனி விரிசல் விட்ட கல்லைப் பார்த்ததுமே உறைபனியின் வேலை என்று முத்திரை குத்த முடியாது.

அளக்கும் கருவி எல்லாமே அபூர்வமானதல்ல. நம் ஊரில் கட்டடப் பொறியாளர்கள் கான்கிரீட்டின் உறுதியைச் சோதிக்கத் தட்டிப் பார்க்கும் ரீபவுண்ட் ஹாமர், ஸ்விட்சர்லாந்துக்காரர் எர்ன்ஸ்ட் ஷ்மிட் உருவாக்கியது. அதையே நார்வே மலைகளில் பாறைமேல் வைத்து அழுத்துகிறார்கள். சிதைந்த பாறையில் அதன் துள்ளல் குறையும். இன்னும் எளிய வழியும் உண்டு. பனியாறு மழித்துவிட்டுப்போன பாறையில் வெங்கச்சங்கல் நரம்பு மட்டும் தேயாமல் துருத்தி நிற்கும். சுற்றியுள்ள பாறை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று அங்கே ஓர் அளவுகோலை வைத்தாலே தெரிந்துவிடும்.

அன்டார்க்டிகாவின் மெக்மர்டோ வறண்ட பள்ளத்தாக்குகளில் அந்த அளவுகோலும் உதவாது. அங்கே மணற்பாறையின் தோலுக்குச் சில மில்லிமீட்டர் உள்ளே நுண்ணுயிர்கள் குடியிருந்து, மேலேட்டைத் தளர்த்தி உரித்துவிடுகின்றன. இம்ரே ஃப்ரீட்மன் என்ற ஆய்வாளர் கண்டு சொன்ன விந்தை இது. அப்படி உரிந்தும்கூட தேய்மானம் அற்பம். விண்வெளிக் கதிர்கள் வெங்கச்சங்கல்லில் உண்டாக்கும் பெரிலியம்-10 அணுக்களை எண்ணித்தான் அதைப் பிடிக்கிறார்கள். பாறை மெதுவாகத் தேய்ந்தால் அணுக்கள் அதிகமாகச் சேரும். உயர்ந்த மேடுகளில் கிடைத்த விடை, பத்து லட்சம் ஆண்டுக்கு ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். இந்த வேகத்தில் அங்கே ஓர் ஆள் உயரத்துக்குப் பாறை தேய ஒரு கோடி ஆண்டுக்கு மேல் ஆகும்.