எத்தனை வெள்ளி, எந்தக் கணக்கு?

தொலைக்காட்சி, ஒலிபெருக்கி பொருத்தவும் பழுதுபார்க்கவும் நம் பிள்ளைகள் பட்டணத்துக்குப் போகிறார்கள். சம்பளம் எத்தனை வெள்ளி என்று கேட்கும் நாம், அது எந்தக் கணக்கில் வருகிறது என்று கேட்பதில்லை.

இவ்வேலையில் கூலி இருவகை. ஒன்று மாதச் சம்பளம். மலேசியாவில் 2025 முதல் குறைந்தபட்சம் 1,700 வெள்ளி. அதை 26 நாளாலும், பிறகு 8 மணியாலும் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 8 வெள்ளி 17 காசு. சாதாரண நாளில் மிகைநேர வேலைக்கு அதில் ஒன்றரை மடங்கு, அதாவது 12 வெள்ளி 26 காசு தரவேண்டும். கல்யாண மண்டபத்தில் இரவு நெடுநேரம் ஒலிபெருக்கி கட்டும் பிள்ளைக்கு இக்கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

மற்றது, ஒரு கருவி பொருத்தினால் இவ்வளவு என்னும் கூலி. மழை நாளில் பால்வெட்டு நின்றால் வருமானம் குறைவது நமக்குத் தெரியும். இங்கும் அழைப்பு வராத நாளில் காசில்லை. மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய், ஏணி, கருவிப்பெட்டி ஆகியவை யார் செலவு? அதைக் கழித்த பிறகே மிச்சம் தெரியும்.

கூரைமேல் ஏறும் வேலை இது. ஆகவே ஊழியர் சேமநிதியோடு சொக்சோவும் கட்டப்படுகிறதா என்று முதல் நாளே கேட்போம். மாதந்தோறும் சம்பளச் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துவோம். கணக்கில் குறையிருந்தால் தொழிலாளர் இலாகாவில் காட்ட அதுவே சாட்சி.