நகைக்கடையின் நற்பெயர்



தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த பணத்தில் மகளுக்கு வைரத்தோடு செய்ய நினைக்கிறீர்கள். தோ பாயோவில் இருக்கும் உறவினர் உங்களைச் சிராங்கூன் சாலைக்கு அழைத்துச் செல்கிறார். சொல்லிச் செய்து வாங்கும் நகைக்கடை ஒன்றில், 'நேர்மையான வழியில் வந்த வைரம்' என்று எழுதியிருக்கிறது. அதன் பொருள் என்ன? எதை வைத்து நம்புவது?

'புளூ ஜாகர்' வைரம் என்று நம் பாட்டிமார் பெருமையாகச் சொல்வார்கள். அது தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்பான்டெய்ன் சுரங்கத்தால் வந்த பெயர். அங்குக் கிடைத்த கற்களில் இலேசான நீலச் சாயல் உண்டு. 1971இல் அச்சுரங்கம் மூடப்பட்டது. ஆனாலும் பெயர் கடைகளில் வழங்கியே வருகிறது. எனவே பெயரை மட்டும் கொண்டு கல்லின் பிறப்பிடத்தை அறிய முடியாது.

பிறப்பிடத்தை ஏன் அறிய வேண்டும்? 1991 முதல் 2002 வரை சியரா லியோன் நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்தது. கலகப் படையினர் மக்களை மிரட்டி வைரம் தோண்டச் செய்து, அதை விற்றுத் துப்பாக்கி வாங்கினார்கள். இதைத் தடுக்க 2003 ஜனவரி முதல் நாள் கிம்பர்லி ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. பட்டை தீட்டாத வைரம் முத்திரையிட்ட பெட்டியில், அரசாங்கச் சான்றிதழுடன்தான் நாடுவிட்டு நாடு போகலாம். சிங்கப்பூரில் சுங்கத்துறை இதைக் கவனிக்கிறது.

ஆனால் இந்த ஏற்பாடு கலகப் படைகளின் வைரத்தையே தடுக்கிறது. தோண்டியவருக்கு நியாயமான கூலி கிடைத்ததா என்று கேட்பதில்லை. பட்டை தீட்டிய கல்லுக்கும் இது பொருந்தாது. சூரத் போன்ற ஊர்களில் பட்டை தீட்டும்போது பல நாட்டுக் கற்களும் கலந்துவிடலாம். பால் தொட்டியில் கலந்தபின், இது எந்த நிரையின் பால் என்று சொல்ல முடியுமா?

ஆகவே கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். கல் எந்த நாட்டில் எடுக்கப்பட்டது? போருக்குத் துணைபோகாத வைரம் என்ற உறுதிமொழியை விலைச்சிட்டில் எழுதித் தருவீர்களா? இது மண்ணில் விளைந்ததா, ஆலையில் உருவாக்கியதா? தரச்சான்று இருந்தால், அதில் உள்ள எண் கல்லின் விளிம்பிலும் பொறித்திருக்கிறதா என்று உருப்பெருக்கியில் காட்டச் சொல்லுங்கள். தரச்சான்று எடை, நிறம், தெளிவு, வெட்டு ஆகியவற்றைக் கூறும். பிறந்த சுரங்கத்தைப் பெரும்பாலும் கூறாது.

தெரிந்ததை எழுதித் தந்து, தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கடைக்காரரே நற்பெயருக்கு உரியவர். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். நாம் எடுத்த பாலும் பறித்த கொழுந்தும் யாரோ ஒருவர் பெயரில்தான் விற்பனையாகின்றன. முகம் தெரியாத உழைப்பாளியைப் பற்றி விசாரிக்க நம்மைவிடத் தகுதியுள்ளவர் யார்?