வாலைப் பார்த்தாயா, தம்பி?

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலோடு சேரும் முகத்துவாரம். அங்கே ராத்திரி தூண்டில் போடப் போன பக்கத்து வீட்டுத் தம்பி, விடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் டீக்கடைக்கு வந்து நின்றான். கொடுவா சிக்கும் என்று இறால் கோத்துப் போட்டானாம். இழுத்தால் இரண்டு முழ நீளத்துக்குக் கருகருவென்று ஒன்று நெளிந்துகொண்டு வந்திருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தவன் பயந்துபோய் நரம்பை அறுத்துவிட்டான்.

"பாம்புதான் அண்ணே. தலையை நல்லாப் பார்த்தேன்."

"வாலைப் பார்த்தாயா?"

பார்க்கவில்லை. உட்கார வைத்து இரண்டு டீ சொன்னேன்.

பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு என்று இரண்டு பக்கமும் பேசுகிற ஆளைத் திட்டுவோம். திட்டை ஒதுக்கிவிட்டுக் கேட்டால், தண்ணீரோடு பழகிய யாரோ கூர்ந்து பார்த்துச் சொன்ன குறிப்பு அது. விலாங்கின் தலை பாம்பை நினைவூட்டும். வாலோ அது மீன் என்று காட்டிக் கொடுத்துவிடும். நடு முதுகில் தொடங்கும் மெல்லிய செட்டை வால் நுனியைச் சுற்றி வயிற்றுப் பக்கம் வரை நாடா மாதிரி ஒரே ஓட்டமாக ஓடும். தலைக்குப் பின்னால் இரு பக்கமும் சின்னதாக ஒரு செட்டை, அதற்கு முன்னால் செவுள் கீறல். செதில்கள் தோலுக்குள் புதைந்திருப்பதால் கையில் வழுவழுப்புதான் தெரியும். பாம்புக்குச் செவுளும் இல்லை, செட்டையும் இல்லை. எவ்வளவு நேரம் முங்கிக் கிடந்தாலும் மூச்சுக்கு மேலே வந்துதான் ஆக வேண்டும்.

ஆனால் முகத்துவாரத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஆற்றுப் பாம்பும் கடல்பாம்பும் வந்து போகிற இடம் அது. நம் குளம் குட்டைகளில் தலை நீட்டும் நீர்க்கோலிக்கு வால் சாட்டை மாதிரி ஒடுங்கிப் போகும். உடம்பில் கட்டம் கட்டமாகப் புள்ளி, கண்ணிலிருந்து சாய்வாக இறங்கும் இரண்டு கறுப்புக் கோடுகள். சீறும், வெடுக்கென்று கடிக்கும். ஆனால் அந்தக் கடியால் ஆளுக்கு ஆபத்து இல்லை. உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலக்கும் சேற்றில் இன்னொரு பாம்பு இருக்கிறது. தோல் தொளதொளவென்று, தொட்டால் அரம் மாதிரி சொரசொரக்கும். தரையில் போட்டால் நகரவே திணறும் அப்பிராணி அது. அதற்கும் விஷம் கிடையாது.

கடல்பாம்பு விஷயம் வேறு. அதன் வால் படகுத் துடுப்பு மாதிரி தட்டை. விலாங்கின் வாலும் தட்டைதானே என்று குழம்புகிற இடம் இதுதான். விலாங்கின் வால் ஓரத்தில் இருப்பது மெல்லிய சவ்வு, விரித்தால் விரியும். கடல்பாம்பில் வாலே சதையும் செதிலுமாகத் தட்டையாக இருக்கும். நல்ல பாம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது இது. அதில் ஒரு வகைக்கு வழங்கும் வலகடியன் என்ற நம் கரையோரப் பெயர் ஆங்கிலப் பாம்புப் புத்தகங்களிலேயே ஏறியிருக்கிறது. வலையைக் கடிப்பவன் என்றுதான் என் காதில் விழுகிறது.

அது கடித்தால் பெரும்பாலும் வலிக்காது. அதை நினைத்தால்தான் எனக்குப் பயம். சிறிது நேரம் கழித்து உடம்பெல்லாம் சதை வலிக்கும், தாடை இறுகும், சிறுநீர் கறுத்துப் போகும், சிறுநீரகம் கெடும். 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் எடுத்துத் தரும் விஷம் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கினுடையது. நம் ஆஸ்பத்திரிகளில் உள்ள விஷமுறிவு மருந்தும் அந்த நான்குக்குத்தான். கடல்பாம்புக்கு அது கேட்காது. கடிபட்டவர் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், கை காலை அசைக்காமல், டயாலிசிஸ் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இப்படி இருக்க, வலையில் வந்த கடல்பாம்பை வெறுங்கையால் எடுத்துத் தூர எறிகிறோம். குளத்தங்கரை நீர்க்கோலியையோ கல்லால் அடித்தே கொல்கிறோம். எத்தனை முறை பார்த்தாலும் என் மனம் ஆறுவதில்லை.

"மண்டபம் பக்கம் பாறையில வாயைப் பொளந்துகிட்டு இருக்குமே, அதுவா இருக்குமோ?" என்றான். அது அஞ்சாலை; அதுவும் மீன்தான். வாயைத் திறந்து மூடுவது கடிக்க இல்லை, மூச்சு விட. தொண்டைக்குள் இன்னொரு தாடை வைத்து இரையை உள்ளே இழுக்கும் என்பதை 2007-இல்தான் கண்டுபிடித்தார்கள். ஆனால் நீ சொல்லும் பாறை அஞ்சாலைக்குச் சேற்றுத்தரையில் என்ன வேலை?

"சரி, அறுத்த நரம்பு வைத்திருக்கிறாயா?"

பையிலிருந்து எடுத்தான். கடைசி ஒரு முழத்துக்குப் பசை காய்ந்த மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. முறுக்கி முறுக்கி முடிச்சு விழுந்திருந்தது. பாம்பு இப்படிச் சளி விடாது. விலாங்குதான்.

அவனுக்குப் பயம் போய் ஆசை வந்துவிட்டது. விலாங்கு கடலில் பிறந்து, கண்ணாடி மாதிரிக் குஞ்சாக ஆறேறி, வளர்ந்த பிறகு முட்டையிட மறுபடி கடலுக்கே போகும் என்று சொன்னேன். "அப்ப நான் பிடிச்சது கடலுக்குப் போய்க்கிட்டு இருந்ததா அண்ணே?"

கடலுக்குக் கிளம்பிவிட்ட விலாங்கு இரை எடுக்காது. அதன் குடலே சுருங்கிப் போகும். உன் இறாலைக் கவ்வியது என்றால், அது இன்னும் கிளம்பவில்லை தம்பி.